ஒரே காயினில் காரமடை

வீடியோ கேம் காரில் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு காயினைப் போட்டு, துடியலூரிலிருந்து காரமடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன் என்றான் ரசாக். மேட்டுப்பாளையம் ரோட்டில்தானாம். நரசிம்மநாயக்கன்பாளையத்தில் ஒரு பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டானாம். வீரபாண்டிப் பிரிவில் குறுக்கே வந்த எருமைக்கு ஹாரன் அடித்தானாம். எருமை திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாக நகர்ந்துகொண்டதாம். கடைசியில் ரங்கநாதர் தேர் ஒரு பக்கமிருந்து வர, இவன் மறுபக்கமிருந்து போய்ச் சேர, தேர் பார்க்க வந்த சனம் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றதாம்.

"எறங்கவே இல்லீங்க. ஏறுனது துடியலூரு, எறங்குனது காரமடை. அப்பவும் கால் டேங்க் பெட்ரோலு மிச்சம் இருந்துச்சுங்க."

துடியலூர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்த தேங்காய் பன்னெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவன் பொங்கியண்ணன் ஒருவன்தான்.

"பொய்யி," என்றான் அவன். "பெரியநாய்க்கம்பாளையம் தாண்டறதுக்கு முன்னாலயே மெஷினு அணைஞ்சு போச்சு. நாந்தான் கூட இருந்தனே, எனக்குத் தெரியாதா?"

அங்கேதான் சிக்கல். அன்றைக்குக் கூட இருந்தவன் பொங்கியண்ணன் ஒருவனே. இருக்கிற ஒரே சாட்சியும் இல்லை என்று தலையாட்டினால், அப்புறம் எருமையையா தேடிப் பிடித்துக் கேட்பது?

மெஷின் அணையவில்லை என்பது பொங்கியண்ணனுக்குத் தெரியும். இரண்டு கண்ணாலும் பார்த்தான். பார்த்த நாளிலிருந்து அந்த இரண்டு கண்ணும் மிளகாய்ப் பொடி போட்டதுபோல எரிந்துகொண்டிருந்தன.

பொங்கியண்ணன் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தான். துடியலூர் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் புகைந்தாலும் அவனிடம்தான் வரும். ரோட்டுக்கு எதிர்ப்புறம் ரசாக்கின் குஷன் கடை. காருக்கும் ஸ்கூட்டருக்கும் சீட் கவர் தைப்பவன். தொழில் வேறு, வாடிக்கை வேறு, சண்டை என்று ஒரு நாளும் கிடையாது. ஆனாலும் ரசாக் தும்மினால்கூடப் பொங்கியண்ணனுக்கு வயிறு எரியும். நமக்கு ஏன் இந்தத் தும்மல் வரவில்லை என்று மூக்கைத் தேய்த்துக்கொள்வான். மதியத்தில் ரசாக் கடைமேல் புளியமரத்து நிழல் விழும், இவன் பட்டறைமேல் வெயில் விழும். அந்த வெயிலை ரசாக்தான் இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறான் என்று பொங்கியண்ணன் நிஜமாகவே நம்பினான். பெருநாளுக்கு ரசாக்கின் மனைவி உம்மல் குல்சும் பிரியாணி கொடுத்தனுப்புவாள். இத்தனை ருசியாக அவன் வீட்டில் மட்டும் எப்படி ஆக்குகிறார்கள் என்ற ஆத்திரத்திலேயே பொங்கியண்ணன் இரண்டு தட்டு சாப்பிடுவான். ரசாக் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினான். அடுத்த வாரமே இவனும் அதே நிறத்தில் ஒன்று பார்த்தான், விலையைக் கேட்டுவிட்டுத் தன் மொபெட்டுக்கே திரும்பி வந்தான். அன்றிலிருந்து அந்த மொபெட்டோடு அவன் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஒன்றே ஒன்றில்தான் ரசாக்கைவிட அவன் மேலே இருந்தான். அது அப்துல் நாசர் கடையில், சிலேட்டில், சாக்பீஸ் எழுத்தில்.

அப்துல் நாசர் மெயின் ரோட்டில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். சுவரோரம் வரிசையாக நின்று சண்டை போடுகிற மெஷின்கள். நடுவில் ராஜா மாதிரி கார் மெஷின். உட்கார சீட்டு, கையில் ஸ்டியரிங், காலுக்கு ஆக்ஸிலேட்டர், எதிரே டி.வி.யில் ரோடு. காயினைப் போட்டால் கார் கிளம்பும். காலேஜ் பிள்ளைகளும் ஆடுவார்கள், மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஆடுவார்கள். ஆனால் அந்த மெஷினுக்கென்றே பிறந்தவர்கள் நாற்பது வயதான இந்த இருவரும்தான். கடையைச் சாத்தி கரண்டை அணைத்தால் மெஷினுக்குள் இருக்கிற பெயரெல்லாம் அழிந்துபோகும். ஆகையால் அதிக தூரம் ஓட்டியவர் பெயரையும் அந்தத் தூரத்தின் எண்ணையும் நாசர் ஒரு சிலேட்டில் எழுதி மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தார். ஒரு வருஷமாக அதில் இருந்த பெயர் பொங்கியண்ணன். காலையில் பட்டறையைத் திறப்பதற்கு முன் ஒரு நடை வந்து அந்தச் சிலேட்டைப் பார்த்துவிட்டுத்தான் போவான். சிலர் கோயிலுக்குப் போவதில்லையா, அந்த மாதிரி. அந்தப் பெயர் அழிந்தால் ரசாக்கிடம் இல்லாதது எதுவுமே தன்னிடம் மிச்சமிருக்காது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து கதிரேசன் வந்தான்.

மெஷின் எல்லாம் கம்பெனியுடையது. வருகிற காசில் நாசருக்குப் பாதி, கம்பெனிக்குப் பாதி. கதிரேசன் டை கட்டியிருந்தான், சிரித்தால் முன்பல் எட்டும் ஒரே அளவில் தெரியும். கார் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து பழைய சிப்பைக் கழற்றிப் புதுசு மாட்டினான். முன்பு மெஷினில் மணி ஓடும். நேரம் முடிந்தால் ஆட்டம் முடிந்தது. இப்போது மணி போய்விட்டது, அந்த இடத்தில் ஒரு பெட்ரோல் முள் வந்து உட்கார்ந்தது. முள் இறங்கி பெட்ரோல் தீர்ந்தால் கார் நிற்கும். இன்னொரு காயின் போட்டால் டேங்க் நிறையும். ஒவ்வொரு ஊர் வளைவைத் தாண்டும்போதும் ஒரு கரண்டி பெட்ரோல் இலவசமாகக் கிடைக்கும், ஆசை காட்டுவதற்கு.

"சார், இதெல்லாம் உங்களை மாதிரி ரெகுலர் கஸ்டமருக்காகத்தான்," என்றான் கதிரேசன் பொங்கியண்ணனிடம். "புதுசா வர்றவன் ஒரு காயின் போட்டுட்டுப் போயிடுவான். இந்த மெஷின் மேல உங்களுக்குத்தான் சார் பாசம்."

"பாசமா இருக்கறவங்க கிட்டயே காசு கேக்கறதுங்களா?" என்றார் நாசர்.

"பாசம் இருக்கிறவங்க கிட்ட மட்டும்தான் சார் கேக்க முடியும்."

அடுத்த மாதம் வந்து டயரைத் தேய வைத்தான். புது டயருக்கு ஒரு காயின். அதற்கடுத்த மாதம் காருக்கு நிறம்; சிவப்பு வேண்டுமானால் ஒரு காயின், நீலத்தில் வெள்ளைக் கோடு வேண்டுமானால் இரண்டு. விட்டால் காருக்குள் அடிக்கிற காற்றுக்கும் காயின் கேட்டிருப்பான். இத்தனையும் விற்க அவன் ஒன்றும் பெரிய வித்தை செய்யவில்லை. ரசாக் இல்லாத நேரமாகப் பார்த்துப் பொங்கியண்ணன் காதில் ஒரு வார்த்தை.

"ரசாக் சார் நேத்து சிவப்புக் கார் எடுத்துட்டாரு சார். பாக்கவே கண்ணு கூசுது."

அவ்வளவுதான். பொங்கியண்ணன் நீலத்தில் வெள்ளைக் கோடு எடுத்துவிடுவான். பிறகு அதே வார்த்தை ரசாக்கின் காதில். இருவரின் பையும் இளைக்க இளைக்க, கதிரேசனின் டை அகலமாகிக்கொண்டே வந்தது.

விஷயம் பொங்கியண்ணன் மனைவி பாவாத்தாள் வரைக்கும் போனது. அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, காருக்கு டயரு மாத்துனீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. கலரும் அடிச்சீங்களாமா, நீலமா."

"கோடு போட்ட நீலம்."

"அந்தக் காருல ஒரு நடை காரமடைக்குப் போயிட்டு வரலாமுங்களா? தேரு வருது."

"அது டி.வி.க்குள்ள இருக்கற காரு, அம்மணி. அதுல எங்க போறது?"

"அப்ப சரி," என்றாள் பாவாத்தாள், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "உங்க மொபெட்டு டயரு உங்க தலை மாதிரியே வழுக்கையாக் கெடக்குது. அதை மாத்தக் காசில்லைனீங்க. டி.வி.க்குள்ள மழை பேஞ்சா வழுக்கிருமேன்னு அதை முதல்ல மாத்திப்போட்டீங்களாக்கும்."

பொங்கியண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமும் போனான். சிலேட்டில் அவன் பெயர்தான் இருந்தது, எண் முன்னைவிடப் பெரிசாகி இருந்தது. ரசாக் விடாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான். காயின் மேல் காயினாக இருவரும் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் ரசாக் காயின் போடுவதை நிறுத்திக்கொண்டான்.

வரத்தான் செய்தான். ஒரு காயின் மட்டும் போட்டான். வழக்கத்தைவிட நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தான். அது எப்படி என்று பொங்கியண்ணனுக்குப் புரியவில்லை. பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேஸ் காரை ரசாக், பொண்ணு அழைக்கப் போகிற வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான். டி.வி.யில் ஓடுகிற அத்தனை காரும் அவனை முந்திக்கொண்டு போயின. ஒரு லாரி முந்தியது. ரசாக் ஓரமாக ஒதுங்கி, 'போங்க போங்க' என்று வாயாலேயே வேறு வழி விட்டான்.

"ஏப்பா ரசாக்கு, காரு ஓட்டறயா, கட்டை வண்டி ஓட்டறயா?"

"மைலேஜு பாக்கறனுங்க," என்றான் ரசாக், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பொங்கியண்ணன் சிரிப்பை விட்டுவிட்டு இன்னும் குனிந்தான். முள்ளைப் பார்த்தான். முள் அசையவில்லை. இறக்கத்தில் ரசாக் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மொத்தமாக எடுத்துவிட்டான். கார் தானாக உருண்டது. ஊர் வளைவு வந்தது, இலவசக் கரண்டி பெட்ரோல் ஏறியது. காற்றாகப் பறக்கிறவனுக்கு அது நாக்கு நனையப் பத்தாது. ரசாக்குக்கோ அதுவே கல்யாணச் சாப்பாடு.

பீளமேட்டில் ஏரோப்ளேன் வந்து இறங்கினால்கூடப் பைலட்டைக் கூப்பிட்டு, 'ஏனுங்க, லிட்டருக்கு எத்தனைங்க குடுக்குது?' என்று விசாரிக்கிற சனம் எங்கள் பக்கத்துச் சனம். மெட்ராஸ் கம்பெனிக்காரன் பெட்ரோல் முள்ளை வைக்கும்போது இதை யோசிக்கவில்லை. ரேஸ் காரில் ஏறினால் எவனும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான் என்று நினைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் கடையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்துப் பொங்கியண்ணனும் மைலேஜ் பார்த்தான். முடியவில்லை. முதல் வளைவிலேயே ஒரு மஞ்சள் கார் அவனை முந்தியது. யாரோ முந்திப் போவதைப் பார்த்தவுடன் அவன் கால் அவனைக் கேட்காமலே ஆக்ஸிலேட்டரை அமுக்கிவிட்டது. டி.வி.க்குள் ஓடுகிற மஞ்சள் காரில் ஆளே இல்லை என்பது அவன் தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப முயன்று பார்த்தான்; ஒரு கார் பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் துரத்தினான், பெட்ரோல் தீர்ந்தது.

"உங்களுக்கு இது ஒத்து வராதுங்க," என்றார் நாசர் பரிவாக.

மாசி மாதம் காரமடைத் தேர் வந்தது. திருவிழாக் கூட்டத்தில் கார் மெஷினைக் கொண்டுபோய் வைத்தால் காயின் மழையாகக் கொட்டும் என்று கதிரேசன் திட்டம் போட்டான். மத்தியானம் டெம்போ வந்து கடை முன்னால் நின்றது. தூக்குகிற ஆட்களும் வந்தாயிற்று. மெஷினில் ரசாக் உட்கார்ந்திருந்தான். காலையில் போட்ட ஒரே காயின்; சிலேட்டில் இருந்த பொங்கியண்ணனின் எண்ணில் முக்கால்வாசியைத் தொட்டிருந்தான். மரக்கட்டை மாதிரி பொங்கியண்ணன் பக்கத்தில் நின்றான்.

"பிளக்கைப் புடுங்குங்க. டைம் ஆச்சு," என்றான் கதிரேசன்.

நாசர் அசையவில்லை. "அதெப்படீங்க? காயின் போட்டு உக்காந்தவரை எந்திரிங்கன்னு சொல்றதுங்களா? இலையில உக்காந்து பாதிச் சோத்துல இருக்கறவங்களை யாராச்சும் கையைப் புடிச்சு எழுப்புவாங்களா? இத்தனை வருசத்துல அப்படி நான் பண்ணினதில்லீங்க."

"சார், அது மெஷின்!"

"மெஷினு உங்களுது. கடை என்னுது. வந்து உக்காந்திருக்கறவரு எங்க ஊருக்காரருங்க."

தூக்க வந்த ஆட்களும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டார்கள். கதிரேசனே பிளக்கை நோக்கிப் போனான். குறுக்கே ஒரு கை விழுந்தது. பொங்கியண்ணனுடைய கை.

"கரண்டைப் புடுங்காதீங்க."

ரசாக்கே ஆச்சரியமாகத் திரும்பிப் பார்த்தான். வளைவு வந்ததால் மறுபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

"இப்ப நீங்க புடுங்கிப்போட்டீங்கன்னா, இவன் ஆயுசு முச்சூடும் சொல்லிட்டே திரிவானுங்க. 'கரண்டு மட்டும் இருந்திருந்தா பொங்கியண்ணனைத் தாண்டியிருப்பேன்'னு. என்னால அதைக் காதுல கேட்டுட்டு இருக்க முடியாது. இவன் தானாக் கவுந்து தோக்கோணும். நான் பக்கத்துலயே நின்னு அதைப் பாக்கோணும்."

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினான். கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு விடுகிற சின்ன ஜெனரேட்டரையும் ஒரு பேட்டரியையும் தள்ளுவண்டியில் கொண்டு வந்தான். ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றி, நீள ஒயரைக் கடைக்குள் இழுத்தான். மெஷினின் பின்பக்கத்தைத் திறந்தான். மெஷினுக்குள் இருக்கிற மூளைக்குக் கொஞ்சம் கரண்டு போதும், டி.வி.தான் நிறையக் கேட்கும். பிளக்கை மாற்றுகிற நேரத்துக்கு மூளை மட்டும் உயிரோடு இருக்க பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தான்.

"ரசாக்கு, இப்ப மாத்தப் போறேன். டி.வி. சித்தெ நேரம் இருட்டாயிரும். ரோடு தெரியாது."

"ரோடு எனக்கு மனப்பாடமுங்க. நீங்க மாத்துங்க."

டி.வி. அணைந்தது. இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு ரசாக் ஓட்டினான். "இப்ப சோத்தாங்கைப் பக்கம்... இப்ப பாலம்... இப்ப எறக்கம், கால எடுத்துக்கறேன்..." என்று முணுமுணுத்தான். நாசர் கடைச் சுவரில் இருந்த பல்லிகூட மூச்சை அடக்கிக்கொண்டது. டி.வி. மெதுவாக வெளுத்தது. கார், நடு ரோட்டில், ஒரு கீறல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"கெரகம்," என்றான் பொங்கியண்ணன், யாருக்கும் கேட்காமல்.

அப்புறம் ஆட்கள் மெஷினோடு ரசாக்கையும் சேர்த்துத் தூக்கினார்கள். துடியலூரில் சாமி புறப்பாட்டுக்குக்கூட அத்தனை பேர் கூடியதில்லை. டெம்போவில் வைத்ததும் வெயில் பட்டு டி.வி. தெரியாமல் போகவே, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். உள்ளே ரசாக்கும் பொங்கியண்ணனும்; வால் பக்கத்தில் புகை வெளியே போகும்படி ஜெனரேட்டர். கதிரேசன் கோபமாக முன்னால் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நரசிம்மநாயக்கன்பாளையம் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

தார்ப்பாய்க்குள் இருந்த வெக்கையில் அப்பளம் பொரிக்கலாம். நிஜ ரோடு இடப்பக்கம் திரும்பினால் டி.வி. ரோடு வலப்பக்கம் திரும்பும். ரசாக்கின் உடம்பு ஒரு பக்கமும் ஸ்டியரிங் இன்னொரு பக்கமுமாகச் சாயும். ஒரு வேகத்தடையில் டெம்போ ஏறி இறங்கியதில் ரசாக் சீட்டிலிருந்து ஒரு முழம் எழும்பினான், ஸ்டியரிங்கை மட்டும் விடவில்லை. கவிழ்வான், இதோ கவிழ்வான் என்று பொங்கியண்ணன் ஒவ்வொரு பள்ளத்துக்கும் காத்திருந்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் அன்றைக்கு இருந்த பள்ளமெல்லாம் பத்தவில்லை.

"அண்ணா, ஒரு வாய் தண்ணி ஊத்துங்க. கையை எடுக்க முடியல."

பொங்கியண்ணன் பாட்டிலைத் திறந்து ரசாக்கின் வாயில் ஊற்றினான். ஏன் ஊற்றினோம் என்று உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பெரியநாயக்கன்பாளையம் போயிற்று. வீரபாண்டிப் பிரிவில் டெம்போ வேகம் குறைந்தபோது, டி.வி.யின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த எண் சிலேட்டில் இருந்த எண்ணைத் தொட்டது. தொட்டது, தாண்டியது. சத்தமே இல்லை. ஒரு மணி அடிக்கவில்லை, ஒரு விளக்கு எரியவில்லை. ஒரு வருஷமாக அவனுடையதாக இருந்த ஒன்று தார்ப்பாய் இருட்டில் அப்படியே கைமாறிவிட்டது. ரசாக்குக்கும் தெரிந்தது. பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கி வழி விட்டான்.

எண் ஏறிக்கொண்டே போனது. காரமடையில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டெம்போ நின்ற அதே நேரத்தில் ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. டி.வி. இருண்டது.

ரசாக் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து உதறிக்கொண்டான். சிரித்தான்.

"நம்ம வண்டியில கால் டேங்க் இருக்குதுங்ணா. உங்க வண்டியிலதான் பெட்ரோலு தீந்துபோச்சு."

அந்த வார்த்தையை மட்டும் அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். கதிரேசன் கண்ணைத் தேய்த்துக்கொண்டே வந்து தார்ப்பாயைத் தூக்கி, "எப்ப அணைஞ்சுது?" என்று கேட்டபோது, பொங்கியண்ணன் வாயிலிருந்து பதில் பாய்ந்து வந்தது.

"அப்பவே. பெரியநாய்க்கம்பாளையம் தாண்டலை."

ரசாக் அவனை ஒரு பார்வை பார்த்தான். சண்டை போடவில்லை, சத்தியம் கேட்கவில்லை. "அண்ணன் வெக்கையில தூங்கிட்டாருங்க போல," என்று சொல்லிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விட்டான்.

நாசர் நியாயமானவர். பார்த்தவர் சொன்னால் சிலேட்டில் எழுதுகிறேன் என்றார். பார்த்தவர் சொல்லவில்லை. ஆகவே சிலேட்டில் பொங்கியண்ணன் பெயரே நின்றது. ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் அது முன்போல இனிக்கவில்லை. சிலேட்டில் அவன் இருந்தான், ஊர் வாயில் ரசாக் இருந்தான். பேக்கரியில் தினம் தினம் அந்தக் கதையைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். சொல்லச் சொல்ல எருமை இரண்டாயிற்று, நாலாயிற்று. அதைவிட மோசம், கதையில் ரசாக் இவனை உயரத் தூக்கி வைத்தான்.

"பொங்கியண்ணன் இல்லாட்டி நான் ஏதுங்க? ஜெனரேட்டரு அவருது, மூளை அவருது. வாயில தண்ணி ஊத்துனவரும் அவருதான்."

"நான் ஒண்ணும் ஊத்தல," என்பான் பொங்கியண்ணன். எல்லாரும் சிரிப்பார்கள். பொய் என்று நினைக்கிற கதைக்கே இவனுக்கு இத்தனை பேரா என்று வயிறு புதிதாக எரிய ஆரம்பிக்கும்.

சித்திரை பிறந்ததும் கதிரேசன் மறுபடி வந்தான். இந்தத் தடவை கையில் சிப் இல்லை. துணியில் சுற்றிய ஒரு பித்தளைப் பலகையும் திருப்புளியும் இருந்தன. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கார் மெஷினைச் சுற்றிக் கூடினார்கள்.

"கோயம்புத்தூர் ஜில்லாவுக்கே இனி ஒரே சாம்பியன்," என்றான். "கம்பெனி மெஷின் இருக்கிற எல்லாக் கடையிலயும் இந்தப் பலகை இருக்கும். சாக்பீஸ் மாதிரி அழியாது."

துணியை விலக்கினான். அதிலிருந்த பெயரைப் பொங்கியண்ணன் படிக்கவில்லை. பெயருக்குக் கீழே 'பீளமேடு' என்று இருந்தது, அதற்குக் கீழே ஒரு எண். சிலேட்டில் இருந்த எண்ணைவிடப் பெரியது.

"யாருங்க இது?" என்றார் நாசர்.

"ஒரு காலேஜ் பையன். வசதியான இடம். பெட்ரோல் காயின் பை நிறைய வாங்கிட்டு வந்து ஒரே உட்காரல்ல ஓட்டிட்டான். கம்பெனியே அசந்து போச்சு."

"அப்ப எங்க சிலேட்டு?"

"கழட்டிடலாம் சார்." கதிரேசன் பொங்கியண்ணன் பக்கம் திரும்பினான், முன்பல் எட்டும் வரிசையாக வந்து நின்றன. "இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம் சார். நீங்க ரெண்டு பை வாங்கிக்கங்க. ரெகுலர் கஸ்டமர்னு விலையில பாத்துப் பண்றேன். அடுத்த பலகையில உங்க பேரு."

பொங்கியண்ணன் பீளமேட்டு எண்ணை மறுபடி படித்தான். துடியலூரில் கால் வைக்காத எவனோ ஒருவன், அப்பன் காசில் பெட்ரோல் ஊற்றி, தன்னை முந்திக்கொண்டு போகிறான். இனி காலையில் வந்து நிமிர்ந்து பார்த்தால் அந்த ஆளின் பெயர்தான் தெரியும். ஆக்ஸிலேட்டரை அமுக்குகிற மாதிரி அவன் வலது கால் சும்மாவே தரையை அமுக்கியது. கை சட்டைப் பையை நோக்கிப் போனது. தான் இரண்டு பை வாங்கினால் பீளமேட்டுக்காரன் நாலு பை வாங்குவான். நாலுக்கு எட்டு. கதிரேசன் இரண்டு பேரின் காதுக்கும் நடுவில் பஸ் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பான்.

கதிரேசன் திருப்புளியை எடுத்தான். "ஒரு காயின்ல ஓட்டினவன், பத்துக் காயின்ல ஓட்டினவன், யாரா இருந்தாலும் சரி. இந்த எண்ணைத் தாண்டினவன் ஜில்லாவுல இல்லை."

"நான் தாண்டினேனுங்க," என்றான் ரசாக் பின்னாலிருந்து. "அதும் ஒரு காயின்ல. காரமடை வரைக்கும்."

கடை மொத்தமும் சிரித்தது. கதிரேசனும் சிரித்தான். "அந்த டெம்போ கதையா? பெட்ரோல் காயின் போடாம அவ்வளவு தூரம் போகவே முடியாது சார். போக முடியாத மாதிரிதான் கம்பெனி செஞ்சிருக்கு. அப்படிப் போனதை யாராவது பாத்தாங்களா?"

சிரித்துக்கொண்டே பலகையை மெஷின் நெற்றியில் வைத்து, முதல் திருகாணியைத் திருப்புளியால் திருக ஆரம்பித்தான். நாசர் சிலேட்டைக் கழற்றக் கையை நீட்டினார். ரசாக் மட்டும் சிரிக்கவும் இல்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. மெஷின் சீட்டுக்கு எப்போதோ தான் தைத்துப் போட்ட உறையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

பொங்கியண்ணன் பித்தளைப் பலகையைப் பார்த்தான். ரசாக்கைப் பார்த்தான். இரண்டு பக்கமும் எரிந்தது. எது அதிகம் எரிகிறது என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்.

"அந்தத் திருப்புளியைக் கீழ வைங்க," என்றான்.

கதிரேசன் நிமிர்ந்தான். பொங்கியண்ணன் நாசரிடமிருந்து சிலேட்டை வாங்கித் தன் பெயரைத் தானே உள்ளங்கையால் அழித்தான். சாக்பீஸை எடுத்து, டெம்போ காரமடையில் நின்றபோது டி.வி.யில் கடைசியாக நின்ற எண்ணை ஒரு இலக்கம் விடாமல் எழுதினான். இரண்டு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் கண்ணை மூடினால் அந்த எண்தான் வந்து நின்றது, மறக்கவா முடியும்? பித்தளையில் இருந்ததைவிட அது பெரியதாக இருந்தது. எண்ணுக்கு மேலே ரசாக்கின் பெயரை எழுதும்போது மட்டும் எழுத்து கொஞ்சம் கோணியது.

"காரமடை வரைக்கும் மெஷினு அணையவே இல்லீங்க," என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். "வீரபாண்டிப் பிரிவுலயே என்னைத் தாண்டிப்போட்டான். ஒரே காயினுதான். நான் பாத்தேன். நடந்துச்சுங்க."